விழுந்த மனிதன் எழும்ப முன்

2006 ஆம் ஆண்டு நான் கட்டாரில் வேலை செய்துகொண்டிருந்தேன். டோஹா நகரின் பழைய கட்டடமொன்றில் நான்கு பேர் தங்கும் அறை. கட்டுமானக் கம்பனியொன்றின் களஞ்சியத்தில் கணக்கெழுதுவது எனது தொழில். பகலெல்லாம் சிமெந்துப் பைகளையும் கம்பிக் கட்டுகளையும் எண்ணுவேன். இரவில் அறைக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுப்பேன். ஊரிலிருந்து கொண்டுபோன புத்தகங்கள் முதல் மூன்று மாதங்களிலேயே முடிந்துவிட்டன. அந்த வெறுமைக்குள்தான் மோட்டார் சைக்கிள் பந்தயம் வந்து புகுந்தது.

அதைக் கொண்டுவந்தவர் அறை நண்பர். அக்கரைப்பற்றைச் சேர்ந்தவர், என்னை விட ஆறேழு வயது இளையவர். மாத்தளைக்காரனான என்னை 'நானா' என்றே அழைப்பார். அவர் வலன்டினோ ரொஸ்ஸியின் பக்தர். ரொஸ்ஸி 2001 முதல் 2005 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக உலகச் சம்பியனாக இருந்த இத்தாலியர். அவருடைய 46 ஆம் இலக்கம் பொறித்த மஞ்சள் தொப்பியொன்றை நண்பர் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டிருந்தார். எல்லோரும் ஒருவரின் பக்கம் நிற்கும்போது மற்றவரின் பக்கம் போய் நிற்பது எனது பழைய பழக்கம். அப்படித்தான் நான் நிக்கி ஹேடனைத் தெரிவு செய்தேன்.

ஹேடன் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஓவன்ஸ்பரோ என்ற ஊரைச் சேர்ந்தவர். மண் தரையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் குடும்பம். தகப்பனும் ஓடியவர், சகோதரர்களும் ஓடியவர்கள். அவருடைய இலக்கம் 69. அது தகப்பனிடமிருந்து வந்தது. தான் அடிக்கடி விழுகிறவன், தலைகீழாகக் கிடந்தாலும் வாசிக்கக்கூடிய இலக்கமாக இருக்கட்டும் என்று தகப்பன் வேடிக்கையாகச் சொல்வாராம். அந்தக் கதையைக் கேட்டு நான் சிரித்தேன். அதற்குள் இருந்த பொருள் எனக்கு விளங்கப் பல வருடங்கள் சென்றன.

அந்த ஆண்டு ஏப்ரல் 8 ஆம் திகதி, ஒரு சனிக்கிழமை, டோஹாவுக்கு வடக்கே பாலைவனத்தின் நடுவிலுள்ள லுசைல் ஓடுதளத்துக்கு நானும் நண்பரும் போனோம். 5.38 கிலோமீற்றர் நீளமான தளம், 22 சுற்றுகள். தொலைக்காட்சியில் வேகம் தெரிவதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். நேர்ப்பாதையில் மணிக்கு 300 கிலோமீற்றரைத் தாண்டி வரும் வண்டி கண்ணுக்கு முன்பு நெஞ்சுக்குள் வந்து சேர்கிறது. வளைவில் அவர்கள் சாயும்போது முழங்கால் தரையைத் தொடுகிறது. ஒரு கையகல டயர் மட்டுமே அவர்களைப் பூமியோடு பிடித்து வைத்திருக்கிறது. ரொஸ்ஸி முதலாவதாகவும் ஹேடன் இரண்டாவதாகவும் வந்தனர். திரும்பி வரும்போது நண்பர் மகிழ்ச்சியில் இருந்தார். நானும் மகிழ்ச்சியில்தான் இருந்தேன். அன்று யாரும் யாருக்கும் எதிரியாக இருக்கவில்லை.

மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி ஓர் இலக்கியச் சஞ்சிகையில் ஏன் எழுத வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். பந்தயம் பற்றி எழுதுவது எனது நோக்கமல்ல. அந்தப் பந்தயக் காலத்தில் எனக்குள் நான் கண்ட ஒன்றைப் பற்றியே எழுதுகிறேன். ஆனால் பந்தயத்தைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

அந்த ஆண்டு 17 பந்தயங்கள். முதலிடத்துக்கு 25 புள்ளிகள், இரண்டாமிடத்துக்கு 20, மூன்றாமிடத்துக்கு 16 என்று இறங்கி, பதினைந்தாவதாக வருபவருக்கு ஒரு புள்ளி. ஹேடன் அதிகம் வெல்லவில்லை. அந்த ஆண்டு முழுவதும் அவர் வென்றவை இரண்டே பந்தயங்கள். ஆனால் மூன்றாவதாக, இரண்டாவதாக, ஐந்தாவதாக, மறுபடி மூன்றாவதாக என்று ஒவ்வொரு பந்தயத்தையும் முடித்துக்கொண்டே வந்தார். விழவில்லை. வண்டியும் பழுதாகவில்லை. மாதச் சம்பளத்தில் சிறிது சிறிதாக மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பும் மனிதர்களாகிய எங்களுக்கு அந்த முறை நன்றாக விளங்கியது. நான் அவரை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ரொஸ்ஸிக்கோ எல்லாம் மாறி மாறி நடந்தது. முதல் பந்தயத்தில், ஸ்பெயினின் ஜெரெஸ் ஓடுதளத்தில், முதல் வளைவிலேயே டொனி எலியாஸ் பின்னாலிருந்து மோதியதில் விழுந்து, எழும்பி ஓடிப் பதினான்காவதாக வந்தார். சீனாவில் டயர் கெட்டது. பிரான்சில் முன்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்போது இயந்திரம் நின்றது. ஒல்லாந்தின் அஸன் ஓடுதளத்தில் பயிற்சியின்போது விழுந்து கையில் முறிவு ஏற்பட்டது. அந்தக் கையோடு கடைசியிலிருந்து புறப்பட்டு எட்டாவதாக வந்தார்.

அதே அஸனில்தான் ஹேடன் தனது அந்த ஆண்டின் முதல் வெற்றியைப் பெற்றார். எப்படிப் பெற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். ரொஸ்ஸியின் சக வீரரான கொலின் எட்வர்ட்ஸ் கடைசிச் சுற்றின் கடைசி வளைவு வரை வெற்றிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார். முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வழுக்கி விழுந்தார். ஹேடன் கடந்து சென்று வென்றார். நான் கட்டிலில் ஏறி நின்று கை தட்டினேன். எட்வர்ட்ஸ் 2014 வரை அந்தப் பிரிவில் ஓடினார். ஒரு பந்தயத்தைக்கூட வெல்லவில்லை. அன்று சறுக்கிய அந்த சில மீற்றர்களில் ஒரு மனிதனின் வாழ்நாள் வெற்றி போய்விட்டது. அன்று நான் அதைப் பற்றி யோசிக்கவேயில்லை.

ஜூலை 23 ஆம் திகதி கலிபோர்னியாவின் லகூனா செகாவில் ஹேடன் மறுபடி வென்றார். ரொஸ்ஸியின் இயந்திரம் மறுபடி நின்றது. இருவருக்குமிடையே 51 புள்ளிகள் வித்தியாசம். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் அறையில் அறிவித்தேன். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அந்த 51 கரையத் தொடங்கியது. செக் நாட்டுப் பந்தயத்தின் பின் 38. மலேசியாவின் பின் 26. அவுஸ்திரேலியாவின் பின் 21. ஜப்பானின் பின் 12. களஞ்சியத்தில் கையிருப்புக் குறைவதைப் பேரேட்டில் பார்ப்பவனைப்போல் நான் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒக்டோபர் 15 ஆம் திகதி போர்த்துக்கலின் எஸ்டோரிலில் பதினாறாவது பந்தயம். அது நோன்பு மாதம். வேலை நேரம் குறைவு. அஸருக்குப் பிறகு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஐந்தாவது சுற்றில் ஹேடனின் சொந்த அணி வீரரான, அந்த ஆண்டுதான் இந்தப் பிரிவுக்கு வந்த, 21 வயது டனி பெட்ரோசா உட்பக்கமாக முந்த முயன்று விழுந்தார். விழும்போது ஹேடனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார். இருவரும் சரளைக் கற்களுக்குள் உருண்டார்கள். ஹேடன் முழங்காலில் நின்று இரு கைகளையும் அசைத்துத் தலைக்கவசத்துக்குள் கத்துவது தெரிந்தது.

நானும் கத்தினேன். நோன்பு வாயோடு அந்த இளைஞனை என்னென்ன சொல்லி ஏசினேன் என்பதை இங்கே எழுத முடியாது. நண்பருடைய ரொஸ்ஸிக்கு அது பெரிய லாபம். அவர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரைக்கு அருகில் போய்ப் பார்த்துவிட்டு, "ஆளுக்கு ஒண்டுமில்ல நானா, எழும்பிட்டார்" என்று மட்டும் சொன்னார். அன்றைய கோபத்தில் அதை நான் ஒரு கேலியாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பந்தயத்தில் ரொஸ்ஸி இரண்டாவதாக வந்தார். எலியாஸ் அவரை 0.002 விநாடியால் வென்றார். இப்போது ரொஸ்ஸிக்கு 244, ஹேடனுக்கு 236. ஒரேயொரு பந்தயம் மிச்சம்.

கடைசிப் பந்தயம் ஒக்டோபர் 29 இல் ஸ்பெயினின் வலென்சியாவில். இடையில் இரண்டு கிழமைகள். நோன்பின் கடைசி நாட்கள் போய், பெருநாளும் வந்து போயிற்று. அந்த நாட்களில் களஞ்சியப் பேரேட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஹேடன் வென்று ரொஸ்ஸி மூன்றாவதாக வந்தால் 261 க்கு 260. போதும். ரொஸ்ஸி இரண்டாவதாக வந்தால் 264. போதாது. ஹேடன் இரண்டாவதாக வந்தால் ரொஸ்ஸி ஐந்தாவதாக வந்தாலும் 256 க்கு 255, ஹேடனுக்கு ஒரு புள்ளி கூட. ஆனால் கைமுறிவோடு எட்டாவதாக வந்த மனிதன் சும்மா ஐந்தாவதாக வரப்போவதில்லை. எத்தனை விதமாகப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு எளிதாக முடிந்த இடம் ஒன்றுதான். ரொஸ்ஸியின் பெயருக்கு நேரே பூச்சியம்.

'விழ வேண்டும்' என்று நான் எழுதவில்லை. பூச்சியம் என்றுதான் எழுதினேன். அதற்காக நான் துஆக் கேட்கவும் இல்லை. ஆனால் கேட்காததற்குக் காரணம் நல்ல மனம் என்று சொல்ல மாட்டேன். வெட்கமே காரணம். இரண்டையும் நான் இன்று பிரித்துப் பார்க்கிறேன்.

ஒக்டோபர் 29 ஒரு ஞாயிற்றுக்கிழமை. வளைகுடாவில் அது வேலை நாள். அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ரொஸ்ஸி முன்வரிசையின் முதலிடத்திலிருந்து புறப்பட்டார், ஆனால் தொடக்கம் சரிவரவில்லை, பலருக்குப் பின்னால் போனார். ஹேடன் முன்னே போய்விட்டார். ஐந்தாவது சுற்றில், வேகம் குறைந்த ஒரு வளைவில், யாரும் தொடாமல், ரொஸ்ஸியின் முன்சில்லு வழுக்கியது. வண்டியும் மனிதனும் தரையோடு சறுக்கிக்கொண்டு போனார்கள்.

நான் எழும்பி நின்று கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்க்குமளவுக்குக் கத்தினேன்.

ரொஸ்ஸி எழும்பினார், வண்டியை நிமிர்த்தினார், மறுபடி ஓடிப் பதின்மூன்றாவதாக வந்தார். ஹேடன் மூன்றாவதாக வந்தார். 252 க்கு 247. ஹேடன் உலகச் சம்பியன். அவர் தேசியக் கொடியோடு அழுதுகொண்டே ஓடினார். ரொஸ்ஸி அவரிடம் வந்து வாழ்த்தினார். இரண்டு கிழமைகளுக்கு முன் அவரை விழுத்திய பெட்ரோசா அன்று அவருக்கு வழிவிட்டு நாலாவதாக வந்திருந்தார். ஓடியவர்களுக்கிடையில் எல்லாம் சரியாகிவிட்டது.

எங்கள் அறையில் சரியாகவில்லை. நண்பர் தொலைக்காட்சியை நிறுத்தவில்லை, தோற்றவனின் முகத்தையும் காட்டவில்லை. தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து எனக்கும் ஒரு கோப்பை தந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "விழுந்த மனிசன் எழும்பிட்டாரா எண்டு பார்க்க முந்தி நீங்க சத்தம் போட்டிட்டீங்க, நானா."

தோற்றவனின் மனத்தாங்கல் என்று அதை ஒதுக்கிவிட்டேன். ஆனால் அந்த வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை. அதைத் தோற்கடிப்பதற்கு நான் பல நியாயங்களைத் தேடினேன். அவற்றை ஒவ்வொன்றாக இங்கே வைக்கிறேன்.

முதல் நியாயம், இது விளையாட்டு என்பது. விளையாட்டில் வரும் வெறுப்பும் மகிழ்ச்சியும் நாடகத்தில் வருவன போன்றவை, திரை விழுந்ததும் போய்விடும் என்று வாதிடலாம். நாடகத்தில் வில்லன் குத்துப்பட்டு விழும்போது நாம் கை தட்டுகிறோம். அது குற்றமில்லை, ஏனெனில் அவன் திரைக்குப் பின்னால் எழும்பித் தேநீர் குடிப்பான் என்பது நமக்குத் தெரியும். பந்தயத்தில் அந்த உத்தரவாதம் இல்லை. அங்கே தரை உண்மையான தரை, எலும்பு உண்மையான எலும்பு. நாடகத்துக்குத் தரப்பட்ட அனுமதியைக் கொண்டு இங்கே கை தட்ட முடியாது.

இரண்டாவது நியாயம், அவர்கள் தெரிந்துகொண்டே அந்த ஆபத்தை ஏற்றவர்கள் என்பது. அது உண்மை. ஆனால் அவர்கள் ஏற்றுக்கொண்டது விழக்கூடும் என்பதை. விழும்போது நான் மகிழலாம் என்ற அனுமதியை யாரும் எனக்குத் தரவில்லை. கடலுக்குப் போகிறவன் கடலின் ஆபத்தை அறிந்தே போகிறான். அதனால் கரையில் நிற்பவனுக்கு அவனது வள்ளம் கவிழ்வதில் ஒரு பங்கு கிடைத்துவிடுகிறதா?

மூன்றாவது நியாயம் கொஞ்சம் பலமானது. வெற்றியை விரும்புவது பாவமல்ல, ஒருவர் வெல்ல மற்றவர் தோற்றே ஆக வேண்டும், ஆகவே வெற்றியை விரும்புகிறவன் தோல்வியையும் விரும்பியவனாகிறான் என்பது அது. இதில் மூன்று வெவ்வேறு மனநிலைகள் ஒன்றாகக் கலக்கப்பட்டுள்ளன என்பது எனது அபிப்பிராயம். என் மனிதன் வெல்ல வேண்டும் என்பது ஒன்று. மற்றவருக்கு நேர்ந்த கேட்டினால் எனக்கு வந்த நன்மையை ஏற்றுக்கொள்வது இரண்டாவது. அந்தக் கேட்டிலேயே இன்பம் காண்பது மூன்றாவது.

முதலாவது இல்லாமல் பந்தயமே இல்லை. இரண்டாவதைத் தவிர்த்து யாராலும் வாழ முடியாது. கந்தோரில் மேலிருப்பவர் திடீரென்று இறந்தால் கீழிருப்பவருக்குப் பதவி உயர்வு வருகிறது. அவர் அதை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. எதிர்க்கடை மூடப்பட்டால் நமது கடைக்கு ஆள் வருகிறது. புள்ளிப் பட்டியலுக்கும் சம்பளப் பட்டியலுக்கும் மனச்சாட்சி கிடையாது. இடம் எப்படி வெறுமையானது என்று அவை எழுதி வைப்பதில்லை.

ஆனால் இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குப் போகும் பாதை மிகவும் வழுக்கலானது. மரணச் செய்தி வந்த அன்றே மனதுக்குள் சேவை மூப்பை எண்ணிப் பார்க்காத உத்தியோகத்தர் எத்தனை பேர்? சக எழுத்தாளரின் நூலை ஒரு விமர்சகர் கிழித்துப் போட்டிருப்பதை வாசிக்கும்போது, அந்த விமர்சனம் நியாயமானதா என்று பார்க்க முன்பே நமது உதட்டோரத்தில் வரும் சிறு சிரிப்பு எந்த வகையைச் சேர்ந்தது? அதற்கு மோட்டார் சைக்கிள் தேவையில்லை.

தானாக எழும் உணர்ச்சிக்கு மனிதன் பொறுப்பாளியா என்ற கேள்வியும் இருக்கிறது. கண்ணில் தூசு விழுந்தால் இமை மூடுவதுபோல, அந்தக் கணத்தில் எழுந்த மகிழ்ச்சி என் விருப்பத்தைக் கேட்டு எழவில்லை என்று வாதிட்டுப் பார்த்தேன். என் பேரேட்டின் பின்பக்கம் அதை மறுத்தது. இரண்டு கிழமைகளாக அந்தப் பூச்சியத்தை எழுதி எழுதி நான் அந்தக் கணத்துக்கு என்னைத் தயார்படுத்தியிருந்தேன். வலென்சியாவில் நான் கத்தியது திடீரென்று வந்த கத்தலல்ல. அது எஸ்டோரிலில் தொடங்கியது.

அதோடு ஒரு விழுகை என்னவாகலாம் என்பது எனக்குத் தெரியாமலும் இருக்கவில்லை. 2003 ஏப்ரல் 6 ஆம் திகதி ஜப்பானின் சுசுகா ஓடுதளத்தில் டைஜிரோ கட்டோ என்ற ஜப்பானிய வீரர் விபத்துக்குள்ளாகி, இரண்டு கிழமைகளின் பின் காலமானார். அதன் பிறகு இந்தப் பந்தயங்கள் சுசுகாவுக்குத் திரும்பவில்லை. அந்தப் பந்தயம்தான் நிக்கி ஹேடன் இந்தப் பிரிவில் ஓடிய முதலாவது பந்தயம். என் மனிதனின் வரலாற்றை வரி வரியாக வாசித்திருந்த எனக்கு அதுவும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கத்தினேன்.

இவ்வளவையும் யோசித்துத் தெளிந்த பிறகு நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரை அழகாக முடியும். ஆனால் அது உண்மையாகாது.

2009 இல் நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். பந்தயம் பார்ப்பதை விடவில்லை. 2011 இல் மார்கோ சிமொன்செல்லி என்ற இத்தாலிய இளைஞர் எல்லோருடைய பேச்சிலும் இருந்தார். புதர் போன்ற தலைமுடி, அஞ்சாத ஓட்டம். அந்த ஆண்டு மே மாதம் பிரான்சில் நடந்த பந்தயத்தில் அவருடன் மோதி பெட்ரோசாவின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆபத்தாக ஓடுகிறார் என்று மற்ற வீரர்கள் குறை சொன்னார்கள். நானும் அவர்களுடன் சேர்ந்துகொண்டேன். ஐந்து வருடங்களுக்கு முன் நோன்பு வாயோடு நான் ஏசிய அதே பெட்ரோசாவுக்காக இப்போது இன்னொருவரை வெறுத்துக்கொண்டிருந்தேன். வெறுப்பு ஆளை மாற்றிக்கொள்கிறதே தவிரத் தன் இடத்தை விட்டுப் போவதில்லை.

ஒக்டோபர் 23, மலேசியாவின் செப்பாங். இரண்டாவது சுற்றில் சிமொன்செல்லியின் வண்டி ஒரு வளைவில் வழுக்கியது. அந்தக் கணத்தில் என் மனதில் எழுந்த சொல்லை மாற்றாமல் எழுதுகிறேன்: 'நல்லா வேணும்.'

வழமையாக வழுக்கும் வண்டி வளைவின் வெளிப்பக்கமாகப் போகும். அங்கே அகலமாகப் பரப்பியிருக்கும் சரளைக் கற்கள் வேகத்தைத் தின்றுவிடும். வீரர் உருண்டு எழும்பி ஆடையைத் தட்டிக்கொள்வார். அன்று அவருடைய டயர் தரையை மறுபடி பற்றிக்கொண்டது. வண்டி அவரையும் இழுத்துக்கொண்டு ஓடுபாதையின் குறுக்கே உட்பக்கமாக வந்தது. பின்னால் வந்த இருவருக்கு விலக இடமில்லை. தலைக்கவசம் கழன்று உருண்டு போனது. சிமொன்செல்லி எழும்பவில்லை. சிவப்புக் கொடி காட்டினார்கள். பந்தயம் மறுபடி தொடங்கவில்லை. சிறிது நேரத்தில் செய்தி வந்தது. அவருக்கு வயது 24.

பின்னால் வந்த இருவர் கொலின் எட்வர்ட்ஸும் வலன்டினோ ரொஸ்ஸியும். ஒருவர், அஸனில் விழுந்தபோது நான் கை தட்டியவர். மற்றவர், வலென்சியாவில் விழுந்தபோது நான் கத்தியவர். ரொஸ்ஸிக்குச் சிமொன்செல்லி தம்பியைப் போன்ற நண்பர். நான் நாற்காலியில் அசையாமல் இருந்தேன். மனைவி வந்து என்ன நடந்தது என்று கேட்டாள். ஒருவர் விழுந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன்.

நான் நினைத்ததனால் அவர் விழவில்லை. அந்த அளவுக்கு அறிவு எனக்கு உண்டு. மாத்தளையில் ஒரு மனிதன் மனதுக்குள் சொன்ன இரண்டு சொற்கள் செப்பாங்கில் ஒரு டயரை அசைப்பதில்லை. ஆனால் அந்தச் சொற்கள் ஒரு மனிதனின் கடைசிக் கணத்தில் சொல்லப்பட்டவை என்பதை இனி யாராலும் மாற்ற முடியாது. அவர் எழும்பியிருந்தால் நான் அவற்றை மறந்திருப்பேன். வலென்சியாவிலும் அப்படித்தான். ரொஸ்ஸி எழும்பினார் என்பதனால் என் கத்தல் ஒரு சின்ன விடயமாகிவிட்டது. அவர் எழும்பியது என் நற்குணத்தினாலல்ல. இரண்டு முறையும் நான் ஒரே மனிதன்தான். ஒரு முறை அதிர்ஷ்டம் என்னைக் காப்பாற்றியது. மறுமுறை கைவிட்டது.

அன்றுதான் எஸ்டோரிலில் நண்பர் சொன்னது எனக்கு விளங்கியது. "ஆளுக்கு ஒண்டுமில்ல" என்றது கேலியல்ல. அவர் தன் வெற்றியைக் கையில் எடுக்க முன் அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டார். ரொஸ்ஸியின் மீது அவருக்கிருந்த பக்தி என் பக்தியை விடக் குறைந்ததல்ல. அவர் வெற்றியை விரும்பாதவருமல்ல. ஒரு விழுகைக்கும் ஒரு மகிழ்ச்சிக்கும் இடையில் ஒரு பார்வைக்கு அவர் இடம் வைத்திருந்தார். இரண்டு மூன்று விநாடிகள். அவருக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

விநாடிகளைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஸ்டோரிலில் ரொஸ்ஸி இழந்த அந்த 0.002 விநாடியை அவர் இழக்காதிருந்தால் அவருக்கு ஐந்து புள்ளிகள் கூடியிருக்கும். வலென்சியாவில் விழுந்த பின்னும் 252 க்கு 252 என்று சமமாகியிருக்கும். சமமானால் அதிக பந்தயங்களை வென்றவர் சம்பியன். ரொஸ்ஸிக்கு ஆறு, ஹேடனுக்கு இரண்டு. என் பேரேட்டின் பூச்சியத்தையும் என் கத்தலையும் ஒரு விநாடியின் ஐந்நூறில் ஒரு பங்கு பொருளற்றதாக்கியிருக்கும். சம்பியன் பட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்பது ஒருபோதும் என் கையில் இருக்கவில்லை. என் கையில் இருந்தது அந்த இரண்டு மூன்று விநாடிகள் மட்டுமே. அதைத்தான் நான் வீணாக்கினேன்.

2006 க்குப் பிறகு ஹேடன் இந்தப் பிரிவில் ஒரு பந்தயத்தையும் வெல்லவில்லை. அவருடைய மொத்த வெற்றிகள் மூன்று. 2011 இலும் 2012 இலும் டுகாட்டி அணியில் ரொஸ்ஸியின் சக வீரராக ஓடினார். இருவரும் நண்பர்களாகவே இருந்தனர். 2017 மே 17 ஆம் திகதி இத்தாலியின் மிசானோவுக்கு அருகில், பந்தயமில்லாத ஒரு நாளில், ஒரு சாதாரண வீதியில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது கார் ஒன்று அவரை மோதியது. ஐந்து நாட்களின் பின், 22 ஆம் திகதி, செசேனா நகர வைத்தியசாலையில் காலமானார். வயது 35. அவ்விடத்துக்கு அருகிலுள்ள ஓடுதளத்துக்குச் சிமொன்செல்லியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ரொஸ்ஸியின் ஊரும் அங்கிருந்து கிட்டத்தான்.

எனக்கு அந்தச் செய்தியைச் சொன்னவர் அக்கரைப்பற்று நண்பர். பல வருடங்களுக்குப் பிறகு தொலைபேசி எடுத்திருந்தார். "நானா, உங்கட ஆள் போயிட்டார்" என்றார். வேறு எதுவும் பேசத் தோன்றாமல் இருவரும் சற்று நேரம் அப்படியே இருந்தோம். அவருடைய குரல் தழுதழுத்திருந்தது. ரொஸ்ஸியின் பட்டத்தைப் பறித்த மனிதனுக்காக ரொஸ்ஸியின் பக்தர் அழுதார். வலென்சியாவில் நான் கத்தியதை அவர் நினைவூட்டவில்லை. நானே நினைவூட்டி, அதற்காக வருந்துகிறேன் என்று சொன்னேன். "அதையெல்லாம் நான் மறந்து கனகாலம்" என்றார்.

2019 இல் 69 ஆம் இலக்கத்தை இனி எவருக்கும் கொடுப்பதில்லை என்று அந்தப் பந்தய அமைப்பு முடிவு செய்தது. நிமிர்ந்து நிற்கும்போதும் கவிழ்ந்து கிடக்கும்போதும் ஒரே மாதிரி வாசிக்கப்படும் இலக்கம். இலக்கத்துக்கு அது இலகு. மனிதன் நிற்கும்போது அவனை ஒரு விதமாகவும் விழும்போது இன்னொரு விதமாகவும் வாசிப்பவர்கள் நாங்கள்தான்.

ரொஸ்ஸி 2021 இறுதியில் ஓய்வு பெற்றார். நான் இன்னும் பந்தயம் பார்க்கிறேன். விட்டுவிடுவதுதான் சரி என்று சொல்பவர்களிடம் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டால் கந்தோரிலும் கடைத்தெருவிலும் எழுத்துலகிலும் அந்த 'நல்லா வேணும்' நின்றுவிடுமா என்று எனக்குச் சந்தேகம். ஒருவர் பக்கம் சாய்ந்தே பார்க்கிறேன். என் மகனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறான். அவனுக்கு வேறொரு வீரர். யாராவது விழுந்தால், அது யாராக இருந்தாலும், அவர் எழும்பும் வரை இந்த வீட்டில் எவரும் சத்தம் போடக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் ஒரே விதி. அவன் அதைச் சில நேரம் மறந்துவிடுவான். நான் மறப்பதில்லை என்று சொல்ல முடியாது. வாயை மூடிக்கொள்கிறேன், ஆனால் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் உள்ளே என்ன ஓடுகிறது என்பதை இன்றும் நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.